கல்லும் படமும்

தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் சிறுவனாக இருந்த காலம். அறுவடை முடிந்ததும் ஏரிக்கரையை அடுத்த தரிசு நிலத்தில் டூரிங் கொட்டகை ஒன்று எழும்பும். சில மாதங்கள் இருந்துவிட்டு அடுத்த ஊருக்குப் பெயர்ந்துவிடும். மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து படம் பார்ப்பது அக்கால வழக்கம். கதைப்படம் தொடங்குமுன் இந்திய அரசினரின் பிலிம்ஸ் டிவிஷன் வெளியிட்ட செய்திப்படம் ஒன்று கட்டாயமாகக் காட்டப்படும். அணைக்கட்டு, உழவு, வெள்ள நிவாரணம், தலைவர்களின் பயணம் ஆகியன அதில் வரும். என் பாட்டனார் அந்தப் படம் ஓடும்வரை தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து அமர்ந்திருப்பார். கதைப்படம் தொடங்கியதும் தளர்ந்து சாய்ந்துகொள்வார். ஒருநாள் நான் காரணம் கேட்டேன். "இது நெசம்டா, அப்புறம் வர்றது கதை" என்றார். "நெசம்னு எப்படித் தாத்தா தெரியும்?" என்றேன். "பாட்டு வரலையே, பார்த்தியா?" என்றார்.

எழுத்தறியாத அம்முதியவரின் விடையைக் கேட்டு அன்று சிரித்தேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னர் எண்ணிப் பார்க்கும்போது, கற்றவராகிய நாமும் பெரும்பாலும் அவ்விடையைத்தான் வேறு சொற்களில் கூறி வருகிறோம் என்று தோன்றுகிறது. முகம் தெரியாத ஒருவரின் கம்பீரமான குரல், திரையில் விரியும் தேசப்படம், ஆண்டும் தொகையும் அடங்கிய ஒரு பட்டியல், மூக்குக்கண்ணாடி அணிந்த ஓர் அறிஞர் ஆகிய இவற்றைக் கண்டவுடன் "இது மெய்" என்று நாமும் நிமிர்ந்து அமர்கிறோம். இவையெல்லாம் மெய்ம்மை வழக்கமாக உடுத்தும் ஆடைகளே. ஆடையை யார் வேண்டுமானாலும் உடுத்திக்கொள்ளலாம் அன்றோ? மெய்யின் ஆடையைப் பொய் உடுத்திக்கொண்ட சில வரலாறுகளையும், கதை என்று ஒதுக்கப்பட்ட மெய் ஒன்று கல்லிலிருந்து வெளிப்பட்ட வரலாற்றையும் இன்று காண்போம்.

திரைப்படக் கலை தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே இவ்விளையாட்டும் தோன்றிவிட்டது. 1902ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா நடைபெற்றது. பிரெஞ்சு நாட்டுக் கலைஞர் ஜார்ஜ் மெலியே, விழா நிகழ்வதற்கு முன்பே, நடிகர்களைக் கொண்டும் வரைந்த திரைச்சீலைகளைக் கொண்டும் அவ்விழாவைப் படமாக எடுத்து முடித்துவிட்டார். மன்னர் நோயுற்றமையால் விழா ஆகஸ்டு மாதத்துக்குத் தள்ளிப் போயிற்று. படமோ முன்னரே ஆயத்தமாகிவிட்டது! 1922இல் ராபர்ட் பிளாஹர்ட்டி என்பவர் வடதுருவப் பக்கத்து இனுவிட் மக்களைப் பற்றி எடுத்த 'நானூக் ஆப் தி நார்த்' என்னும் படம், ஆவணப் படங்களின் தலைமகன் எனப் போற்றப்படுகிறது. அதிலும் பனிவீட்டின் ஒரு பாதியைத் திறந்தவாறு கட்டிப் பகல் வெளிச்சத்தில் படம் பிடித்தனர். துப்பாக்கியால் வேட்டையாடிப் பழகிவிட்ட மக்களை ஈட்டியால் வேட்டையாடச் செய்தனர். நாயகனின் பெயரும் நானூக் அன்று. அவனுடைய மனைவியாகத் தோன்றியவளும் அவன் மனைவி அல்லள். இவற்றைப் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளுதல் இயலாது. மெய் என்று முழுவதும் கொள்ளுதலும் இயலாது.

வானொலியும் இதற்கு விலக்கன்று. 1938ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் என்னும் இளைஞர், செவ்வாய்க் கோளிலிருந்து பகைவர் வந்து இறங்கியதாக அமைந்த நாவல் ஒன்றைச் செய்தி அறிக்கையின் வடிவில் நாடகமாக ஒலிபரப்பினார். இடையிலிருந்து கேட்கத் தொடங்கியோர் சிலர் அதனை உண்மை என நம்பி அஞ்சினர். மறுநாள் செய்தித்தாள்கள், நாடு முழுவதும் மக்கள் வீடுகளை விட்டு ஓடினர் என்று எழுதின. பிற்காலத்து ஆய்வாளர் ஆராய்ந்தபோது, அச்சம் அத்துணைப் பெரிதாகப் பரவவில்லை என்பதும், செய்தித்தாள்களே அதனை ஊதிப் பெருக்கின என்பதும் தெரியவந்தன. பொய்ச் செய்தியைப் பற்றிய செய்தியே பாதி பொய்யாயிற்று! ஆனால் 1949ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், தென் அமெரிக்காவில் உள்ள ஈக்குவடார் நாட்டின் தலைநகரான கீட்டோவில் இதே நாடகம் ஒலிபரப்பப்பட்டபோது நேர்ந்தது விளையாட்டன்று. ஏமாற்றப்பட்டதை அறிந்த மக்கள் சினங்கொண்டு வானொலி நிலையம் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தனர், உயிர்களும் மாய்ந்தன. நம்பிக்கை என்பது விளையாட்டுப் பொருள் அன்று என்பதற்கு அக்கட்டடத்தின் சாம்பலே சான்று.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் தொலைக்காட்சியில் ஒரு செய்திப்படம் வந்தது. சுவிட்சர்லாந்து நாட்டில் மரங்களிலிருந்து ஸ்பாகெட்டி என்னும் உணவை மகளிர் பறித்துக் கூடையில் இடும் காட்சி அது. ஸ்பாகெட்டி என்பது நம் சேமியாவைப் போன்று மாவினாற் செய்யப்படும் பண்டம். நாட்டு மக்கள் பெரிதும் மதித்த ரிச்சர்ட் டிம்பிள்பி என்பார் தம் வழக்கமான குரலில் விளக்கம் கூறினார். அம்மரத்தை வளர்ப்பது எப்படி என்று பலர் நிலையத்தாரைக் கேட்டனர். அது முட்டாள்கள் தின வேடிக்கை, அன்றே தெளிந்துவிட்டது. ஆனால் 2012ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் கடற்கன்னியின் உடல் கண்டெடுக்கப்பட்டதாக ஒரு படம் காட்டப்பட்டது. அறிஞர்களாகத் தோன்றியோர் நடிகர்கள். அப்படத்துக்குப் பின்னர் அந்நாட்டு அரசின் கடலாய்வுத் துறையே, கடல்வாழ் மனிதர் உளர் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்று அறிக்கை வெளியிட நேர்ந்தது. வேடிக்கைக்கும் வஞ்சனைக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும். வேடிக்கை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். வஞ்சனை காட்டிக்கொடுக்காமல் நம் மனத்தில் தங்கிவிடும்.

படமும் வானொலியும் வருவதற்கு முன்னரும் இந்நோய் இருந்தது. நம் தமிழகத்துக் கடற்கரையிலேயே ஒரு சான்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் 'எசூர் வேதம்' என்னும் பிரெஞ்சுக் கையெழுத்து நூல் ஒன்று இந்தியாவிலிருந்து பாரிசு நகரத்தை அடைந்தது. பழம்பெரும் இந்திய வேதத்தின் மொழிபெயர்ப்பு எனக் கருதிப் பேரறிஞர் வால்தேர் அதனைப் போற்றி, பிரெஞ்சு அரசரின் நூலகத்தில் 1761இல் சேர்ப்பித்தார். எதையும் ஐயுற்று ஆராய்வதற்குப் பெயர் பெற்ற வால்தேர் இதனை ஐயுறவில்லை. தம் கருத்துக்கு உகந்ததாக அஃது இருந்தமையே காரணம். உண்மையில் அந்நூல் கிறித்தவப் பாதிரிமார் தம் சமயத்தைப் பரப்பும் பொருட்டு இயற்றியது. சென்னையில் ஆங்கில அரசில் பணியாற்றிய எல்லிஸ் என்பார் புதுச்சேரியில் அதன் மூலப்படிகளைக் கண்டு ஆராய்ந்து எழுதிய கட்டுரை, அவர் இறந்த பின்னர் 1822இல் வெளியாகி உண்மையை நிலைநாட்டியது. தென்னாட்டு மொழிகள் தனியொரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்று 1816இலேயே எழுதிய அதே எல்லிஸ்தான் அவர். பொய்யைக் களையும் கண்ணும் மெய்யைக் காணும் கண்ணும் ஒன்றே என்பதற்கு அவர் வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். 1981ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மதுரை மாநகரில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. அம்மாநாட்டில், தமிழ்நாட்டு அரசின் பொருளுதவியால் எடுக்கப்பட்ட ஆவணப் படம் ஒன்று காட்டப்பட்டது. பொருள், குமரிக்கண்டம், இயக்கியவர் பல வெற்றிப் படங்களை அளித்த ப. நீலகண்டன், ஊக்கம் அளித்தவர் அந்நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். கண்டங்கள் பெயர்ந்து நகர்ந்தன என்னும் அறிவியற் கொள்கையையும், தென்கடலில் தமிழர் வாழ்ந்த பெருங்கண்டம் மூழ்கியது என்னும் கருத்தையும் இணைத்து அப்படம் காட்டியது. அதனை எடுத்தோர் யாரையும் ஏமாற்ற எண்ணவில்லை. தாம் நம்பியதையே காட்டினர். ஆகவே அதனை மோசடிப் படம் என்று கூறுவது பெரும்பிழை. ஆயினும் நம்பிக்கையும் சான்றும் எங்கே பிரிகின்றன என்பது பார்ப்பவர்க்குத் தெரியவில்லை. அப்பொழுது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆசிரியப் பயிற்சி முடித்துப் புதிதாக வேலையில் அமர்ந்திருந்தேன். அப்படத்தைப் பற்றிக் கேள்வியுற்ற மகிழ்ச்சியில், கரும்பலகையில் இந்துமாக் கடலை நிரப்பிக் குமரிக்கண்டத்தின் படத்தை வண்ணச் சுண்ணத்தால் வரைந்து மாணவர்க்குப் பாடம் நடத்தினேன். ஆறுகளும் மலைகளும் நாடுகளும் அதில் இருந்தன. ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இந்தப் படத்தை முதன்முதலில் யார் அளந்து வரைந்தார்கள்?" என்று கேட்டான். "பெரியோர் வரைந்தனர், உட்கார்" என்றேன். அவ்விடையை எண்ணி இன்றும் நாணுகிறேன்.

அவன் கேட்டதற்கு நேரிய விடை இதுதான். சிலப்பதிகாரத்திலும் கலித்தொகையிலும், பாண்டியனது நிலத்தின் ஒரு பகுதியைக் கடல் கொண்டது என்ற செய்தி உண்டு. அந்நூல்கள் கண்டம் என்று கூறவில்லை. ஓர் ஆறும் ஒரு மலையும் பற்றியே சிலம்பு பேசுகிறது. பின்னர் எழுந்த இறையனார் களவியல் உரை, முச்சங்கங்களின் வரலாற்றை ஆண்டுக் கணக்குடன் கூறுகிறது. முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு. ஆக 9990 ஆண்டு. கணக்காசிரியர் எவரும் இவ்வெண்களைச் சற்று உற்றுநோக்கினால் வியப்படைவர். மூன்றும் 37 என்னும் எண்ணால் மிச்சமின்றி வகுபடுகின்றன: 120 மடங்கு, 100 மடங்கு, 50 மடங்கு. இயற்கையாக நிகழ்ந்த வரலாறு இத்துணை ஒழுங்காக அமைவதில்லை. இடைச்சங்கத்தை 59 அரசர் நடத்தினர் என்பது அவ்வுரை. 3700ஐ 59ஆல் வகுத்தால் ஒவ்வோர் அரசனும் சராசரி அறுபத்திரண்டு ஆண்டுக்கு மேல் அரியணையில் இருந்திருத்தல் வேண்டும். ஒருவர் இருவர் இருக்கலாம். ஐம்பத்தொன்பது பேரும் இருத்தல் கூடுமோ?

அதன்பின் சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், கடல் கொண்ட நிலத்தில் 49 நாடுகள் இருந்தன என்றும், பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதம் தொலைவு என்றும் எழுதினார். காவதம் ஒன்றைப் பத்து மைல் எனக் கொண்டால் 7000 மைல் ஆகும். கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே அவ்வளவு தொலைவு சென்றால் தென்துருவத்தையும் தாண்டிவிடுவோம். காவதத்துக்குச் சிறிய அளவு கூறுவாரும் உளர். எவ்வாறாயினும் உரையாசிரியர் கோல்கொண்டு அளந்து எழுதியவர் அல்லர். தம் காலத்தில் வழங்கிய மரபைப் போற்றி எழுதி வைத்தவர். அவர் செய்தது பிழையன்று. அம்மரபை அளவைப் படமாக மாற்றிய நாமே பிழை செய்தோம்.

மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? 1864ஆம் ஆண்டில் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியல் அறிஞர், மடகாஸ்கர் தீவில் வாழும் லெமூர் என்னும் விலங்குக்கும் நம் நாட்டுத் தேவாங்கு முதலியவற்றுக்கும் உள்ள உறவைக் கண்டார். இடையே பெருங்கடல் இருக்க இவ்வுறவு எப்படி வந்தது என வினவி, பண்டு அங்கே நிலப்பரப்பு ஒன்று இருந்திருத்தல் வேண்டும் எனக் கருதி, அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அக்காலத்து அறிவு நிலையில் அது நேர்மையான ஊகம். பின்னர் மறைஞானக் கழகத்தார் அதில் விந்தை மனிதர்களைக் குடியேற்றினர். நம் அறிஞர் சிலர் அந்த லெமூரியாவையும், உரையாசிரியர் கூறிய கடல்கொண்ட நாட்டையும் ஒன்றெனக் கொண்டனர். இருபதாம் நூற்றாண்டில் அது குமரிக்கண்டம் என்னும் பெயரால் பாடநூல்களிலும் இடம் பெற்றது. ஆனால் கண்டங்களே நகர்கின்றன என்னும் கொள்கை 1960களில் உறுதிப்பட்டதும், மூழ்கிய கண்டம் என்னும் ஊகம் அறிவியலுக்குத் தேவையற்றதாயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாயிருந்து பிரிந்தது ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர். மனித இனம் தோன்றியதோ சில இலட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டே. அறிவியல் கைவிட்ட ஊகத்தை அறிவியலின் பெயராலேயே 1981ஆம் ஆண்டுப் படம் காட்டிற்று என்பதுதான் வருந்தத்தக்கது.

இதனால் பழந்தமிழர் கூறிய கடல்கோள் முழுப்பொய் ஆகிவிடுமோ? ஆகாது. சுமார் இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு உள்ளதினும் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நம் தென்கரையை அடுத்த நிலப்பகுதி அகன்றிருந்தது. ஈழமும் தமிழகமும் நிலத்தால் இணைந்திருந்தன. பனி உருகக் கடல் ஏறிற்று. நம் காலத்திலேயே 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடி ஓரிரவில் அழிந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. கடற்கரை மக்களின் நினைவில் கடல்கோள் என்பது கற்பனை அன்று. கரையோர நிலமும் ஊரும் இழந்தமை மெய்யாக இருக்கலாம். 49 நாடு கொண்ட கண்டம் என்பதற்குச் சான்று இல்லை. இவ்விரண்டையும் பிரித்து உரைப்பதே ஆசிரியர் கடமை. நான் அன்று அதைச் செய்யவில்லை.

செய்யாததன் பயனைப் பின்னர் அறிந்தேன். கேள்வி கேட்ட அந்த மாணவன் நன்கு படித்து, வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் பொறியியல் பயின்றான். விடுமுறையில் என்னைக் காண வந்தான். கல்லூரி விடுதியில் குமரிக்கண்டத்தைப் பற்றிப் பெருமையுடன் பேசியதாகவும், நிலநூல் பயின்ற நண்பர்கள் சில நிமிடங்களில் அதை மறுத்துவிட்டதாகவும் கூறினான். அவன் முகத்தில் சினம் இல்லை. அதுவே என்னை வருத்தியது. "அதியமான், ஒளவையார், நெல்லிக்கனி இதெல்லாமும் அப்படித்தானே ஐயா? நாமாகச் சொல்லிக்கொள்வதுதானே?" என்று அமைதியாகக் கேட்டான். தகடூர் என்னும் பழம்பெயர் பெற்ற தருமபுரி மண்ணில் பிறந்த பிள்ளை அவன்! செல்லாக் காசு ஒன்றை நான் அவன் கையில் கொடுத்தேன். கடைவீதியில் அவமானப்பட்ட அவன், தன் மடியில் இருந்த நற்காசுகளையும் ஐயுறத் தொடங்கிவிட்டான். வரலாற்றில் பொய் கலப்பதால் வரும் கேடு இதுவே. பொய் நம்பப்படுவதோடு கேடு நின்றுவிடாது. வெளிப்பட்ட பின்னர் மெய்யும் நம்பப்படாமற் போகும்.

நான் அவனுக்கு மறுமொழி கூறவில்லை. மறுவாரம் அவனை அழைத்துக்கொண்டு பேருந்தில் புறப்பட்டேன். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை வழியாக, திருக்கோவிலூர்ப் பக்கத்தில் தென்பெண்ணையாற்றை அடுத்துள்ள ஜம்பை என்னும் ஊருக்குச் சென்றோம். அங்குள்ள குன்றில் இயற்கைக் குகைத்தளம் ஒன்று உண்டு. 1981ஆம் ஆண்டில், மதுரையில் அப்படம் காட்டப்பட்ட அதே ஆண்டில், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அங்கே தமிழ் பிராமி எழுத்தால் ஆகிய ஒற்றைவரிக் கல்வெட்டு ஒன்றைக் கண்டறிந்தனர். சதியபுதோ ஆகிய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பது அதன் பொருள். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது.

இச்சிறு வரியின் பெருமையை நேயர்கள் உணர வேண்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகப் பேரரசர் பொறித்த பாறைச் சாசனத்தில், அவர் ஆட்சிக்கு அப்பாற்பட்ட தென்னாட்டினராகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்பாரும் கூறப்பட்டுள்ளனர். முதல் மூவரும் யாவர் என்பது வெளிப்படை. சத்தியபுத்திரர் யார் என்பதே நூறாண்டுக்கு மேலாக விடுகதையாக இருந்தது. காஞ்சியார் என்றனர் சிலர்; கோசர் என்றனர் சிலர்; மராட்டிய நாட்டினர் என்றனர் சிலர்; அதியமான் மரபினர் என்றும் சிலர் கருதினர். ஜம்பைக் கல் அவ்விடுகதையை விடுவித்தது. அசோகர் மூவேந்தரோடு ஒருங்கு வைத்து எண்ணிய அந்த நான்காம் குடி, நம் தகடூர் அதியர் குடியே.

இன்னொன்றும் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை வென்றான் என்று புறநானூற்றில் ஒளவையார் பாடியுள்ளார். தகடூரிலிருந்து பல காதம் தள்ளி, அக்கோவலூர்ப் பக்கத்திலேயே அவன் பெயர் கல்லில் கிடைத்தது. ஏட்டில் இருந்த செய்தியைக் கல்லை வெட்டியவன் படித்து எழுதவில்லை; கல்லில் இருந்ததை ஏடு எழுதியோர் பார்த்து எழுதவில்லை. ஒருவரையொருவர் அறியாத இரு சாட்சிகள் ஒன்றே கூறுகின்றனர். நீதிமன்றத்திலும் வரலாற்றிலும் இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

அம்மாணவன் குகையின் முன் நெடுநேரம் நின்றான். எழுத்தை ஒவ்வொன்றாக நான் சொல்லிக்கொடுக்கப் படித்தான். 'அஞ்சி' என்ற இடம் வந்ததும் விரலால் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டான். திரும்பி வரும் வழியில், "அப்படியானால் நெல்லிக்கனி?" என்று கேட்டான். இம்முறை நான் "உட்கார்" என்று கூறவில்லை. "கனி கொடுத்ததை ஒளவையாரே பாடியுள்ளார், ஆகவே அவர் காலத்துச் செய்தி அது. அக்கனி ஆயுளை நீட்டியதா என்பதற்கு நம்மிடம் சான்று இல்லை. அரசனோடு பழகிய ஒளவையாரும், ஆத்திசூடி பாடிய ஒளவையாரும் வெவ்வேறு காலத்தவர். 1953இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஒரே மூதாட்டியாகத் தோன்றியதால், நம் மனத்தில் அனைவரும் ஒருவராகவே ஒன்றிவிட்டனர். படம் நல்ல படம், ஆனால் அது கதைப்படம்" என்றேன். அவன் சிரித்தான். "பாட்டு இருக்கிறதே ஐயா" என்றான். என் பாட்டனாரின் கதையை அவனுக்கு எப்போதோ கூறியிருந்தேன் போலும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் ஆகிய பகுதிகளில் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் மிகுதியாக உள்ளன. தருமபுரி அருங்காட்சியகத்திலும் பல வைக்கப்பட்டுள்ளன. கல்லில் வில்லும் வாளும் ஏந்திய வீரன் நிற்பான். அருகே வட்டெழுத்தில், இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்ன ஊரில் ஆநிரையை மீட்டு இன்னான் மாண்டான் என்று பொறித்திருக்கும். ஊர் மக்களோ அக்கல்லை வேடியப்பன் என்று வணங்குவர். அவன் புலியைக் கொன்றான், மழை பெய்வித்தான் என்று வேறு கதையும் கூறுவர். கல் கூறுவதும் ஊர் கூறுவதும் இரண்டும் காக்கத் தக்கவையே. ஒன்று, நிகழ்ந்தது இன்னது என அறிவிக்கும். மற்றொன்று, மக்கள் அதனை எவ்வாறு நினைவில் வைத்துக்கொண்டனர் என அறிவிக்கும். ஊர்க்கதையை அழிக்கச் சொல்வது அறியாமை. ஊர்க்கதையைக் கல்வெட்டு என்று கூறுவது அதனினும் பெரிய அறியாமை.

நமக்கு உண்மைப் பெருமைக்குக் குறைவில்லை. முன்னாளில் நம் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருள்களின் காலம் கி.மு. 2172 என்று காலக்கணிப்பு காட்டுவதை 2022இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. கீழடியில் கிடைத்த மாதிரிகளில் ஒன்று கி.மு. ஆறாம் நூற்றாண்டினது என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. இவை ஆய்வுக்கூடத்தில் கணிக்கப்பட்டவை. எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் கிடைத்தன என்று எழுதி வைக்கப்பட்டவை. ஐயமுடையார் கேள்வி கேட்கலாம், மீண்டும் ஆராயலாம். கேள்வியைத் தாங்கி நிற்பதே மெய்யின் இயல்பு. கேள்வி கேட்பவனை உட்காரச் சொல்லும் பெருமை, பெருமை ஆகாது.

இக்காலத்தில் இவ்வெச்சரிக்கை முன்னினும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. முடிசூட்டு விழாவைப் பொய்யாக எடுக்க மெலியேவுக்கு நடிகர்களும் திரைச்சீலைகளும் வேண்டியிருந்தன. இன்றோ செயற்கை நுண்ணறிவின் துணையால், ஒரு சிறுவன் கைப்பேசியிலேயே நிகழாத நிகழ்ச்சியைப் படமாகவும், ஒருவர் பேசாத பேச்சை அவர் குரலிலேயே ஒலியாகவும் ஆக்கிவிடலாம். கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன் என்பது இனிச் சான்று ஆகாது.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்க்கும் ஒன்று கூற விரும்புகிறேன். ஒரு படத்தையோ செய்தியையோ பிள்ளைகள் கொண்டுவந்து காட்டும்போது, "இது மெய்யா, பொய்யா?" என்று உடனே தீர்ப்புக் கூற வேண்டா. மூன்று வினாக்களைப் பழக்குங்கள். இதனை முதலில் கூறியவர் யார், எப்போது கூறினார்? அவருக்கு அது தெரிந்தது எவ்வாறு? அவரை அறியாத வேறொருவர் இதனையே கூறுகின்றாரா? வால்தேர் இம்மூன்றையும் கேட்டிருந்தால் எசூர் வேதத்தால் ஏமாந்திரார். நானும் அன்று அவற்றைக் கேட்டிருந்தால், வண்ணச் சுண்ணத்தை வேறு பாடத்துக்குப் பயன்படுத்தியிருப்பேன். சிறப்பாக, நமக்கு இனிக்கும் செய்திகளுக்கு இவ்வினாக்கள் இருமடங்கு தேவை. கசப்பான பொய்யை நாமே துப்பிவிடுவோம். இனிக்கும் பொய்யே வயிற்றுள் செல்லும்.

அம்மாணவன் இப்போது தொலைதூரத்தில் பணியாற்றுகிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் தன் பிள்ளைகளை அதியமான்கோட்டைக்கும் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்கிறான். சென்ற ஆண்டு அவனுடைய இளைய மகள் ஒரு நடுகல்லின் முன் நின்று, "இதில் எழுதியிருப்பது உண்மை என்று எப்படித் தெரியும் தாத்தா?" என்று என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி என்று கூறி, அவள் அருகில் தரையில் அமர்ந்து, முதலெழுத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.